அப்பம்மாவின் இன்ஜின் சத்தம்

அன்பு மகளுக்கு,

நீ பார்க்கச் சொன்ன, ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’ அனிமேஷன் படத்தை இரண்டு இரவாகப் பார்த்து முடித்தேன். கார்ட்டூன்தானே என்று உட்கார்ந்தவன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை.

படத்தின் நாயகன், விமானம் வடிவமைக்கும் ஜிரோ ஹொரிகோஷியை எனக்குப் பிடித்துவிட்டது. சாப்பிடும்போது மீன் முள்ளைத் தூக்கிப் பிடித்து அதன் வளைவை ரசிக்கிறானே, பட்டறையில் முப்பது வருடம் நின்றவனுக்கு அது விளங்கும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் தலை தகட்டுக்கு மேலே துருத்தாமல் பதிந்திருந்தால் காற்று தடைபடாது என்று விளக்கும் இடத்தை நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தேன். விமானத்தை மாடு இழுத்துப் போவதும் கற்பனை இல்லை. 1939இல், ஜிரோ வடிவமைத்த ஸீரோ போர் விமானத்தில் முதலாவதையே நகோயாவிலிருந்து ககாமிகஹாரா தளத்துக்கு, கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர், மாட்டு வண்டியில்தான் கொண்டுபோனார்கள். காதல் மட்டும் வேறு கதை: அந்தக் காசநோய்ப் பெண் தட்சுவோ ஹோரியின் நாவலிலிருந்து வந்தவள். இதை நான் சொன்ன பிறகும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு இடம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. எடை கூடுகிறது, துப்பாக்கிகளை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஜிரோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 காலை நம் திருகோணமலைக்கு மேலே, ஜப்பானியக் குண்டு விமானங்களுக்குக் காவலாக வந்தவை அவன் ஸீரோக்கள்தான். அப்பம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் ஓடினார்களாம். படத்தில் அதெல்லாம் இல்லை. கடைசியில் நொறுங்கிய விமானங்கள் குவிந்து கிடக்கின்றன, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்கிறான். எங்கே போய்த் திரும்பவில்லை, அதையும் சொல்லேன் என்று திரையைப் பார்த்துக் கேட்டேன். அவனைக் கெட்டவன் என்று சொல்லவும் மனம் வரவில்லை, அதுதான் சிக்கல்.

அப்புறம் இன்னொன்று. இன்ஜின் சத்தம், நிலநடுக்கச் சத்தம் எல்லாம் மனிதர்கள் வாயாலேயே எழுப்பியவையாம். அதைப் படித்த பிறகு ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். அப்பம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் ஒரு உறுமல் எழுப்புவாரே, நினைவிருக்கிறதா? நீ பயந்து என் மடியில் ஏறிவிடுவாய். அச்சு அசல் அதே சத்தம்.

“என்னப்பா, மாமி மாதிரிக் கிடக்கு” என்று குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அன்புடன்,
அப்பா