செயலாளரின் ஆண்டறிக்கை: ஆச்சி வீட்டு பிளேயரில் ஓட வேண்டும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே, செயற்குழுவினரே, மழையையும் பார்க்காமல் வந்திருக்கிற அங்கத்தினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. இரண்டு மாதம் கோரம் சேராததால் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம். வாசகசாலைக்குப் பத்திரிகைச் சந்தா கட்டியாயிற்று. பின்கட்டில் ஒழுகிய கூரை ஓடுகளை மாற்றியாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியே வாசிப்பார். அதில் நான் கை வைக்கவில்லை.

மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். உறுப்பினர் வீடுகளில் கிடக்கும் பழைய வீடியோ நாடாக்களை டிஸ்க்கில் ஏற்றித் தருவது என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். ஏவி.எம். ஸ்டூடியோ கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் நம் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது, படம் எடுப்பது நம் மண்ணிலேயே ஊறியது என்று தலைவர் அன்றைக்குப் பேசினார். கைதட்டினோம். வேலை எத்தனை பெரிது என்று யாருக்கும் தெரியவில்லை.

நாடாக்கள் வந்து குவிந்தன. பெரும்பாலும் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), புதுமனை புகுவிழா. பெரிய வீடுகளில் இரண்டாங்கட்டு அறையில் டிரங்குப் பெட்டிக்குள் முப்பது வருஷம் கிடந்தவை. சிலவற்றில் சுருள் ஓரமாக வெள்ளைப் பூஞ்சை. அதைத் துடைக்காமல் போட்டால், நாடாவை ஓட்டும் வி.சி.ஆர். ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த நாடாவையும் கெடுக்கும். சரி, வி.சி.ஆருக்கு எங்கே போவது? உலகத்தில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனியே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நம்முடையது முனீஸ்வரன் கோயில் தெருவில், ஒரு பழஞ்சாமான் கடையில், இனாமல் தூக்குவாளிக்கும் மரப்பாச்சிக்கும் நடுவே கிடைத்தது. கடைக்காரர் அதையும் புராதனப் பொருள் விலைக்குத்தான் கொடுத்தார்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று இளைஞர் அணி கேட்டது. நியாயமான கேள்விதான். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போனிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் இந்தக் கல்யாணத்தை உட்கார்ந்து பார்க்கப்போவது ஊரில் இருக்கிற ஆச்சிதான். ஆச்சிக்குத் தெரிந்தது ஒன்று: தட்டு வெளியே வரும், டிஸ்க்கை வைக்க வேண்டும், உள்ளே தள்ள வேண்டும். அந்த பிளேயர் மகன் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கி வைத்தது. அதில் ஓட வேண்டும். வேலையே அதுதான்.

நம் நாடாக்கள் முக்கால்வாசி 180 நிமிஷ நாடா, கல்யாணத்துக்கு இரண்டு. ஆக ஆறு மணி நேரம். சாதாரண டி.வி.டி. முறையில், அதாவது எம்பெக்-2வில் நல்ல தரத்தில் ஏற்றினால் ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் போகும். கல்யாணத்துக்கு மூன்று டிஸ்க். மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் ஆச்சி எழுந்து போய் அடுத்த டிஸ்க்கை மாற்ற வேண்டும். மூட்டு வலிக்காரர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? எம்பெக்-4 என்ற இன்னொரு முறையில், டிவ்எக்ஸ் அல்லது எக்ஸ்விட் என்ற மென்பொருளால் இன்னும் இறுக்கிச் சுருக்கினால் ஆறு மணி நேரமும் ஒரே டிஸ்க்கில் அடங்கும். (டிவ்எக்ஸின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து வாசித்தால் எக்ஸ்விட். போட்டிக்கு வந்தவர்கள் வைத்த குறும்புப் பெயர்.)

கணக்குக் கேட்டவர்களுக்காக: டிஸ்க் 4.7 ஜி.பி. கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, ஒருவர் 1,000-ஆல் வகுக்கிறார், இன்னொருவர் 1,024-ஆல். அதை ஆறு மணி நேரத்தின் 21,600 விநாடிக்குப் பங்கு போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 1,740 கிலோபிட். சத்தத்துக்கு 128 ஒதுக்கி, கொஞ்சம் கையிருப்பு விட்டு, படத்துக்கு 1,500 வைத்தோம். வி.எச்.எஸ். என்கிற நம் வீட்டு வீடியோ நாடாவில் குறுக்குவாட்டில் சுமார் 240 கோட்டு நுணுக்கம்தான் இருக்கிறது. அதனால் 640-க்கு 480 என்ற அளவே தாராளம். இரண்டும் 16-ஆல் மீதியின்றி வகுபடுவதால் சுருக்குவதற்கும் தோது. நாடாவில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று பாதி பாதியாக இருக்கும். அதை ஒன்றாக்கிய பிறகுதான் அளவைக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால், ஆசீர்வாதம் பண்ணத் தூக்கிய கையில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும்.

இப்போது என் தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் தவணையில் ஒரு டஜன் டிஸ்க் கொடுத்தோம். எக்ஸ்விட்டில் படத்தின் அசைவைக் கணக்கிட, கால் பிக்ஸல் கணக்கு, குளோபல் மோஷன் என்று இரண்டு சங்கதி உண்டு. படம் இன்னும் துல்லியமாகச் சுருங்கும் என்று இரண்டிலும் டிக் அடித்தது நான்தான். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம், கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் போன் வர ஆரம்பித்தது. ஒரு வீட்டில் நாதஸ்வரம் கேட்கிறது, படம் கறுப்பு. இன்னொரு வீட்டில் மாப்பிள்ளை முகம் தண்ணீரில் தெரிகிற மாதிரி நெளிகிறது. மூன்றாவது வீட்டில் டிஸ்க்கை உள்ளே தள்ளினால் அப்படியே வெளியே தள்ளுகிறது. “தம்பி, எங்க கல்யாணத்தை அந்த மெஷினுக்கே பிடிக்கல போல” என்றார் ஒரு ஆச்சி.

காரணம் எளிது. பிளேயருக்குள் இருக்கிற சிப் தொழிற்சாலையில் எதைப் படித்துவிட்டு வந்ததோ அதைத்தான் கடைசிவரை படிக்கும். அந்த இரண்டு சங்கதியும் பெரும்பாலான வீட்டு பிளேயர்களின் பாடத்தில் கிடையாது. இப்போது எல்லாப் போனிலும் வருகிற எச்.264 என்ற சுருக்கு முறையும் அப்படித்தான், பழைய டி.வி.டி. பிளேயருக்கு அது தெரியவே தெரியாது. டிக்கை எடுத்துவிட்டு டஜனையும் திரும்ப ஏற்றினோம். வீணான டிஸ்க்குகளின் விலையை நான் கட்டிவிட்டேன், பொருளாளர் அண்ணன் கணக்கில் அது வராது.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்தோம். தலைவர் வீட்டில் சும்மா கிடந்த மிகப் பழைய பிளேயரை இரவல் வாங்கி, சங்கத்து மேஜையில் வைத்தோம். அதற்கு ‘மாமியார்’ என்று பெயர். மாமியார் ஒப்புக்கொண்டால் மற்ற எந்த வீட்டிலும் சண்டை வராது. மாமியாரிடம் நாங்கள் கற்றது நிறைய.

கோப்பின் தலையில் நாலெழுத்து அடையாளம் ஒன்று இருக்கும். எக்ஸ்விட் என்று இருந்தால் மாமியார் திரும்பிப் பார்க்காது. அதையே டிஎக்ஸ்50 என்று மாற்றி எழுதினால், உள்ளே ஒரு புள்ளிகூட மாறாத அதே படம் ஓடுகிறது! கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். சடங்கு சடங்காக வெட்டி 1 முதல் 12 வரை எண் போட்டோம். பிளேயர் 1 முடிந்ததும் 10, 11, 12 ஓட்டிவிட்டுத்தான் 2-க்கு வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சொல்லிக்கொண்டு கிளம்பிப் போன பிறகு திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு, நடந்தது. இப்போது 01, 02 என்றுதான் போடுகிறோம்.

சத்தம் பெரிய தலைவலி. சத்தத்தை எம்பி3 முறையில் மாறும் வேகத்தில் சுருக்கி, படமும் சத்தமும் சேர்ந்து இருக்கும் ஏவிஐ கோப்பில் போட்டிருந்தோம். தொடக்கத்தில் உதடும் பேச்சும் ஒட்டித்தான் இருந்தன. போகப் போக விலகி, மாப்பிள்ளை கழுத்திருவைப் பூட்டிக் கையை எடுத்து, எல்லோரும் அட்சதை போட்டு ஓய்ந்த பிறகு சாவகாசமாகக் கெட்டிமேளம் கொட்டியது. சத்தத்தை ஒரே சீரான 128-க்கு மாற்றியதும் சரியாயிற்று.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் நாடா. நூற்றுக்கணக்கான பானை, அத்தனை அடுப்புப் புகை. எதிலும் அசையாமல் இருப்பதைச் சுருக்குவது சுலபம், போன படத்தையே திரும்பக் காட்டினால் போதும். புகை ஒரு நொடி முன்னால் இருந்த மாதிரி இருக்காதே. முதல் தடவை ஏற்றியபோது கண்ணாத்தாள் கோயில் வாசல் முழுக்க ஆத்தங்குடிக் கல் பதித்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இரண்டு சுற்று முறைக்கு மாறினோம். முதல் சுற்றில் மென்பொருள் எங்கே புகை, எங்கே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என்று அளந்து மட்டும் வைக்கும். இரண்டாம் சுற்றில் பெரியவர்களிடம் மிச்சம் பிடித்துப் புகைக்குக் கொடுக்கும். நேரம் இரட்டிப்பு. ஆனால் புகை புகையாகவே வந்தது. கண்டாங்கிச் சேலைக் கட்டம் மட்டும் இன்னும் லேசாக மினுங்குகிறது, அரக்குச் சிவப்பு கரையைத் தாண்டி வழிகிறது. வழிசல் நாடாவிலேயே உள்ளது, அதை நம்மால் சரிசெய்ய முடியாது.

படத்தில் யார் யார் என்று பெயர் போடச் சொன்னார்கள். தனிக் கோப்பாக சப்டைட்டில் வைத்தால் பிளேயரில் தமிழ் எழுத்து வராது, படத்திலேயே பதித்துவிட வேண்டியதுதான். முதலில் பதித்தது குழாய் டி.வி.யின் கீழ் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டது. இப்போது ஓரத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளிப் பதிக்கிறோம். பெரியப்பா, சித்தப்பா முறையில் ஒரு வீட்டில் வந்த தகராறு தொழில்நுட்பம் சார்ந்ததல்ல, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

டிஸ்க் வாங்கியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாயும். இன்னொன்று, ஒரு வீட்டில் டிஸ்க்கை சாமி முன்னால் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டிருக்கிறார்கள். மனசு புரிகிறது. எந்தப் பக்கம் இட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறுபிரதி கொடுத்தாயிற்று.

அடுத்த ஆண்டுக்கு: பூஞ்சை பிடித்த நாடாக்கள் ஒரு பெட்டி பாக்கி. எல்லா மூலக் கோப்புகளையும் சுருக்காமல் இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வைக்க அனுமதி கேட்கிறேன். மாமியாரின் ரிமோட்டில் ‘மெனு’ பொத்தான் வேலை செய்யவில்லை. அதே மாதிரி பழைய ரிமோட் யார் வீட்டு அலமாரியிலாவது கிடந்தால், திங்கட்கிழமை சந்தைக்கு வரும்போது சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்,
காரைக்குடி