அம்மிணிக்கு, பேரிங் விஷயமாக

அம்மிணி,

நன்றாக இருக்கிறாயா? இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்தால் போகிறது, மாடிப்படி ஏறினால் வந்துவிடுகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பட்டறையில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருக்கிறேன், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வைத்த அதே இடம்தான். போனில் இவ்வளவு நீளம் தட்ட விரல் ஒத்துழைக்காது. மிச்சம் கிடந்த பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அது எனக்கு வரும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரைக்கு நீ கூப்பிட்டதிலிருந்து உன் வண்டி போடுகிற அந்தச் சத்தம்தான் காதில் இருக்கிறது. நீ அனுப்பிய வீடியோவைப் பத்துப் பதினைந்து தடவை போட்டுக் கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார் வீட்டு மிக்ஸிங்க அது?" என்றாள். அம்மியில் கல்லுப்பு அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அது ஊளையாக மாறுகிறது. ஆல்டர்னேட்டர் இடத்தில் இருக்கிற அந்த மோட்டாரின் பேரிங்தான். ஆனாலும் உடனே கழற்றாதே. முதலில் பெல்ட்டை எடுத்துவிட்டு இன்ஜினை ஒரு நிமிடம் மட்டும் ஓட விடு. பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்ப்பும் சுற்றாது, அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் போய்விட்டதா? அப்புறம் இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டைத் தாங்குகிற ஐட்லர், இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார். எத்தனையோ பேர் நல்ல மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஐட்லர் புல்லிதான் குற்றவாளி என்று தலையைச் சொறிந்திருக்கிறார்கள்.

உன் வண்டியில் அந்த டென்ஷனர் ஏன் இரண்டு கை வைத்து இருக்கிறது என்று நீ கேட்டபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். சாதாரண ஆல்டர்னேட்டரை இன்ஜின் சுற்றும், அவ்வளவுதான், பெல்ட்டில் ஒரு பக்கம் எப்போதும் இறுக்கம், ஒரு பக்கம் எப்போதும் தொய்வு. உன் வண்டியில் இருக்கிற இது 48 வோல்ட்டில் மோட்டாராகவும் வேலை செய்கிறது. சிக்னலில் நின்ற இன்ஜினை இதுதான் பெல்ட் வழியாகக் கிளப்புகிறது, வண்டி நகரும்போது தள்ளிவிடுகிறது, பிரேக் பிடித்தால் கரண்ட் எடுக்கிறது. அதனால் இறுக்கமும் தொய்வும் நொடிக்கு நொடி பக்கம் மாறுகின்றன. நுகத்தில் பூட்டிய மாட்டை ஒரு தடவை முன்னால் இழுத்து, ஒரு தடவை பின்னால் தள்ளினால் கழுத்து என்ன ஆகும்? முன்பக்க பேரிங்குக்கு அதுதான் ஆகியிருக்கிறது. போதாததற்குப் புல்லி சின்னது, இன்ஜின் சுற்றுகிற வேகத்தைப் போல இரண்டரை மூன்று மடங்கு அது சுற்றும். அதன் மேல் இன்ஜின் சூடு. கிரீஸ் எத்தனை வருஷம் தாங்கும்?

லாரி மாதிரி ஒரு வண்டி ஒரு பெண்பிள்ளைக்கு எதற்கு என்று நீ வாங்கும்போதே சொன்னேன். கேட்கவில்லை. சரி, அதை விடு. அதையே நீ உன் கையால் பிரிக்கப் போகிறாய் என்று நம் தெருவில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாமல்தான். ஒருவர் நம்பவில்லை. உன் அண்ணனுக்கு நான் பட்டறையில் பிரஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், அவன் பேங்க்குக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். உன்னை அதன் பக்கத்தில்கூட விட்டதில்லை, பில் எழுத மட்டும் உட்கார வைத்தேன். நீ அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாய்.

பேரிங் எங்கே வாங்கினாய்?

நீ அனுப்பிய இரண்டாவது படத்தில் மேசை மேல் ஒரு டப்பா இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் சேர்த்து ஒன்பது டாலர் என்று ஸ்டிக்கரில் தெரிகிறது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் சுற்றில் ஓடுகிற, சூட்டில் கிடக்கிற பேரிங் அந்த விலைக்கு வராது அம்மிணி. டப்பாவில் அச்சடித்ததை நம்பாதே. பழைய பேரிங்கின் விளிம்பில் இருக்கிற எண்ணைப் படித்துப் பார், காலிப்பர் வைத்து உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அள. கடைசி இரண்டு எண் 03 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், 04-லிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள். உனக்கு ஐந்தாம் வாய்ப்பாடே நான் இதில்தானே சொல்லிக்கொடுத்தேன். எண்ணுக்குப் பின்னால் C3 என்று இருந்தால் புதியதிலும் C3 இருக்க வேண்டும். சூட்டில் விரிவதற்கு உள்ளே விட்ட இடம் அது. அது இல்லாததைப் போட்டால் முதல் நாள் வெண்ணெய் மாதிரி ஓடும், சூடேறியதும் பிடித்துக்கொள்ளும்.

பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே. அறுத்து உள்வளையத்தைப் பார். உருண்டை ஓடுகிற பாதையில் படிக்கட்டு மாதிரி, துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாக இருந்தால் அது தேய்மானம் இல்லை, கரண்ட் போன தடம். மில்களில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் மாட்ட ஆரம்பித்த காலத்தில் நல்ல நல்ல மோட்டார்கள் எல்லாம் இப்படித்தான் பட்டறைக்கு வந்தன, எங்களுக்கு முதலில் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. டிரைவுக்குள் இருக்கிற இன்வெர்ட்டரிலிருந்து வருகிற கரண்ட் ஷாப்ட் வழியாக ஏறி, பேரிங் உருண்டையைத் தாண்டிப் பாடிக்கு இறங்கும்போது பொறி பொறியாகச் சுடுகிறது. உன் வண்டியிலும் இன்வெர்ட்டர்தானே. வரி இருந்தால் பீங்கான் உருண்டை போட்ட பேரிங்தான் வாங்க வேண்டும். விலை அதிகம்தான். எவ்வளவானாலும் சரி, சொல்லு.

கம்பெனியில் பேரிங் தனியாகக் கொடுக்க மாட்டார்கள், முழு யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள் என்றாய். முன்பென்றால் நீ அதைத்தான் செய்திருப்பாய். போன வருஷம் ஹீட்டருக்கு ஆள் கூப்பிட்டு எவ்வளவு கொடுத்தாய் என்று நினைவிருக்கிறது. நானும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை இங்கே ராத்திரி பத்தரை என்றால் உனக்குப் பகல் ஒரு மணி. ஷெட்டுக் கதவு திறந்திருந்தது, வெயில் தெரிந்தது. லீவு போட்டிருக்கிறாய் போல. வியாழக்கிழமையும் அதே நேரம்தான் போட்டோ வந்தது.

சரி, கழற்றுவதைச் சொல்கிறேன். முதலில் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ், அப்புறம் வண்டிப் புத்தகத்தில் சொன்ன முறைப்படி 48-ஐத் துண்டி. காத்திரு, உள்ளே கெப்பாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். 60 வோல்ட்டுக்குக் கீழே என்பதால் ஆளை அடிக்காது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டால் ஸ்பேனரே உருகும். மோதிரத்தைக் கழற்றி வை. பெல்ட் போகிற வழியைப் போட்டோ எடுத்துக்கொள். எண்ட் கவர், பாடி இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டுப் பிரி. பின்பக்கம், உள்ளே சுற்றுகிற ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்கிற சென்சார் இருக்கும், அது ஒரு டிகிரி நகர்ந்தாலும் வண்டி விளக்கைப் போட்டுக் கத்தும். ரோட்டரில் காந்தம் பதித்திருந்தால் உருவும்போது பட்டென்று சுற்றாமல் நிற்கிற ஸ்டேட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும், விரல் நடுவில் இருக்கக் கூடாது.

சுத்தியல் எடுக்காதே. பேரிங்கை உருவுகிற புல்லர் போடு, உள்வளையத்தில் பிடி. புதியதை ஷாப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்து, கவரில் இறக்கும்போது வெளிவளையத்தில். மாற்றி அழுத்தினால் பாரம் உருண்டை வழியாகப் போய்ப் பாதையில் குழி விழும், கண்ணுக்குத் தெரியாது, ஒரு மாதத்தில் கேட்கும். சூடு காட்டினால் 80 டிகிரிக்கு மேல் போகாதே, ரப்பர் சீல் போட்டது. நான் பழைய நூறு வாட் பல்ப் மேல் வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வருவேன், நீ பார்த்திருக்கிறாய். கவரில் பேரிங் உட்காருகிற இடத்தை விரல் நகத்தால் தடவிப் பார், பள்ளம் தட்டினால் வெளிவளையம் அங்கே சுற்றியிருக்கிறது. அப்போது புது பேரிங் போட்டும் பிரயோஜனம் இல்லை.

டெட்ராய்ட்டுக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது என்று நீ ஒரு தடவை சொன்னாய். இன்னும் ஒரு மாதத்தில் அந்த ஊர் ரோட்டிலெல்லாம் உப்பைக் கொட்டிவிடுவார்கள். அதற்குள் முடித்துவிடு. ஷெட்டில் ஹீட்டர் போட்டுக்கொள்.

உன் பெரியம்மா பேத்திக்குக் கார்த்திகையில் கல்யாணம், மண்டபம் சிங்காநல்லூரில். மற்றதை அம்மா சொல்லுவாள். பேரிங் எங்கே வாங்கினாய் என்று எழுது.

பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். அங்கே வேலை போனால் விசாவில் இருக்கிறவர்களுக்கு 60 நாள்தான் கெடுவாம். யாரோ ஒரு பையனைப் பற்றிப் போட்டிருந்தார்கள். அம்மா கண்ணில் படாமல் மடித்துப் பீரோவுக்கு அடியில் வைத்துவிட்டேன். சும்மா சொன்னேன்.

ஒன்பது டாலர் பேரிங்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அது உனக்கும் தெரியும்.

2012. பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. பிரஸ்ஸும் லேத்தும் நின்று கிடந்தன, பையன்களுக்குச் சம்பளம் இரண்டு வாரம் பாக்கி. உனக்கு ஸ்கூல் பீஸ் கட்ட அம்மாவின் வளையல் போயிருந்தது, அவளிடம் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். சிறுமுகைக்காரர் ஏழரை எச்.பி. மோட்டாரைக் கொண்டுவந்தார். 6308 நம்பர் பேரிங் இரண்டு. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, பெரிய கம்பெனி டப்பாவிலேயே போட்டு ஒருவன் கொடுத்தான். எனக்குத் தெரிந்தேதான் வாங்கினேன். நீ பில் எழுத உட்கார்ந்திருந்தாய். பேரிங்கைக் கையில் எடுத்து எண்ணைக் கட்டை விரலால் தேய்த்தாய். மை விரலில் வந்தது. என்னைப் பார்த்தாய். "ஒரிஜினல் என்றே எழுது, முழு விலை போடு" என்றேன். எழுதினாய். உன் கையெழுத்தில் இருக்கிறது அந்தப் பில்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. பேரிங் ஜாம் ஆகி, ரோட்டர் ஸ்டேட்டரில் உரசி, உள்ளே கம்பிச் சுருள் எரிந்து வந்தது. சித்திரை வெயில், வாழை குலை தள்ளுகிற நேரம். லோ வோல்டேஜ்தான் காரணம் என்று சொன்னேன். அந்த வருஷம் யார் சொன்னாலும் நம்புவார்கள், அவரும் நம்பினார். கம்பியைத் திரும்பச் சுற்றுகிற ரீவைண்டிங்குக்குப் பாதிக் காசு போதும் என்றேன். அதைப் பெரிய மனசு என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நீ உள்ளே எழுந்து போய்விட்டாய். மறுநாளிலிருந்து பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பட்டறைப் பக்கம் வரவே இல்லை. நானும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நீ பதில் சொல்லியிருப்பாய், அதுதான் பயம்.

பணம் முடையாக இருக்கிறது என்று அன்றைக்கு வீட்டில் ஒரு ஆளிடம் நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்தப் பேரிங்கை வாங்கியிருக்க மாட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. வளையல் விஷயம் தெரியும், பேரிங் தெரியாது.

பக்கம் தீர்ந்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பையன் 28-ஆம் தேதி சிகாகோ வருகிறான். மூன்று கால் புல்லரை எண்ணெய் போட்டுத் துடைத்து அவனிடம் கொடுத்துவிடுகிறேன், அம்மா முறுக்கும் வைப்பாள். ரெண்டு கிலோ வரும், பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். பேரிங்குக்குப் பணம் அண்ணன் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லட்டுமா? எதற்கென்று அவன் கேட்க மாட்டான். அந்த ஒன்பது டாலர் டப்பாவைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடு.

பெல்ட்டைக் கழற்றியதும் புல்லியைக் கையால் சுற்றிவிட்டுப் போனைப் பக்கத்தில் வை, நான் கேட்கிறேன். எந்தக் கிழமையானாலும் பரவாயில்லை. உனக்குப் பகல் ஒரு மணி என்றாலும் கூப்பிடு, நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அப்பா