மலழை என்று படித்தவளின் நன்றி மடல்

எனக்காகக் காத்திருந்த எல்லோருக்கும் வணக்கம்.

பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. உங்களில் இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. எந்த வரி யாருக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

நான்காம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னார்கள். ‘மழலை’ என்பதை ‘மலழை’ என்று படித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. திருத்திப் படிக்கப் பார்த்தேன், மறுபடியும் ‘மலழை’தான் வந்தது. “உனக்கெல்லாம் எதுக்கு வாய்? உட்காரு” என்றார் ஆசிரியர். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இருக்காது. உட்கார்ந்த பிறகு புத்தகத்தின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கத்தின் மூலை கிழிந்து கையோடு வந்தது.

அது மட்டும் என்றால் மறந்திருப்பேன். வீட்டிலும் அதே பாடம்தான். வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரிந்துவிடும். வாய் திறக்காத நாட்களில் அடி விழாது. ஒன்பது வயதில் இந்த இரண்டையும் சேர்த்து நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: நான் பேசினால் கெட்டது நடக்கும்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்தக் கணக்கைச் சரிபார்க்கவே இல்லை. அலுவலகக் கூட்டங்களில் பதில் தெரிந்தாலும் துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுவேன். பத்துப் பேர் முன்னால் பேச வேண்டியிருக்கும் என்பதற்காகவே இரண்டு முறை பதவி உயர்வை வேண்டாம் என்றேன். கேட்டவர்களிடம் குடும்பப் பொறுப்பு என்று காரணம் சொன்னேன். இதில் எனக்கு இன்றும் வலிக்கும் விஷயம் என்னவென்றால், யாரும் அதைப் பயம் என்று பார்க்கவில்லை. அமைதியான பொண்ணு, அடக்கமான பொண்ணு என்று பாராட்டினார்கள். பாராட்டு கிடைக்கும் காயத்துக்கு யார் மருந்து தேடுவார்கள்?

முதல் நன்றி என் கணவருக்கு. நமக்குள் சண்டை வந்தால் நான் கத்த மாட்டேன், மூன்று நாள் பேசாமல் இருப்பேன். அதை என் பொறுமை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் ராத்திரி நீங்கள் சொன்னீர்கள்: “நான் தினமும் உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ள வரேன். இன்னிக்குப் பேசுவியா மாட்டியான்னு.” எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த அதே குழந்தையாக உங்களை ஆக்கிவைத்திருந்தேன். அன்றைக்கு நீங்கள் கோபப்படாமல் அதைச் சொன்னதால்தான் நான் ஆலோசகரிடம் போனேன்.

மேடம், முதல் நாள் நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்: “இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. எத்தனையோ பேர் இதைவிட மோசமா கஷ்டப்பட்டிருக்காங்க.” நீங்கள் மறுத்துப் பேசவில்லை. 1995 முதல் 1997 வரை அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்ட ஆய்வைச் சொன்னீர்கள். அடி, அவமானப்படுத்தும் பேச்சு, கவனிப்பாரில்லாமை, வீட்டுக்குள் வன்முறை என்று பலவற்றைக் கேட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஏதாவது ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். அப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக் கூட, பின்னாளில் மனச்சோர்வும் உடல்நோயும் வரும் வாய்ப்பும் கூடுகிறது. “வாய்ப்புதான் கூடும். இதுதான் நடக்கும்னு எழுதி வைக்கல” என்று உடனே சேர்த்துக்கொண்டீர்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டேன்.

குழந்தைகள் ஏன் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் நீங்கள்தான் புரியவைத்தீர்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெரியவர்களே சரியில்லை என்று ஒரு குழந்தையால் நினைக்க முடியாது. நினைத்தால் போக இடமில்லை. ‘நான்தான் சரியில்லை’ என்று வைத்துக்கொண்டால், நான் ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். அதைக் கேட்டபோதுதான், அந்த ஒன்பது வயதுக்காரி மேல் எனக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது. அதுவரை அவளைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான்.

அப்புறம் அந்த நோட்டு. 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் தொடங்கிவைத்த சிகிச்சை முறையிலிருந்து வந்த பயிற்சி அது என்று சொன்னீர்கள். பேசப்போகும் முன் இடது பக்கத்தில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறேனோ அதை எழுத வேண்டும். பேசி முடித்த பிறகு என்ன நடந்தது என்பதை வலது பக்கத்தில் எழுத வேண்டும். முதல் பக்கம் இப்போது என் மேசையில் திறந்திருக்கிறது. இடது பக்கம்: ‘எட்டுப் பேரில் ஆறு பேராவது சிரிப்பார்கள். என் குரல் நடுங்கும்.’ வலது பக்கம்: ‘குரல் நடுங்கியது. ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.’

பாதி பயம் பலித்தது, பாதி பலிக்கவில்லை. நடுங்கினால் எல்லாம் கெட்டுப்போகும் என்பது மட்டும் பொய்யானது. உன்னால் முடியும், தைரியமாக இரு என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதையெல்லாம் என் மனது நம்பியதே இல்லை. என் கையெழுத்திலேயே இருந்த வலது பக்கத்தை அந்த மனதால் மறுக்க முடியவில்லை.

சார், அந்த எட்டுப் பேரில் நீங்களும் இருந்தீர்கள். நான் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டபோது எடுத்துக்கொடுக்கவில்லை. வேறு யாரையும் பேசவும் விடவில்லை. “நேரம் இருக்கு, மெதுவா சொல்லுங்க” என்றீர்கள். அன்று அந்த மௌனத்தை நான் முடிக்கும்வரை நீங்கள் தாங்கிக்கொண்டதற்கு நன்றி.

அம்மா, உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தப் பத்தியை மூன்று முறை அழித்தேன். போன வருடம் உன்னிடம் கேட்டேன்: “அப்பா அடிச்சப்பல்லாம் நீ எங்கம்மா இருந்த?” அந்தக் காலம் அப்படி, எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லுவாய் என நினைத்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். நீ ரொம்ப நேரம் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே இருந்தாய். அப்புறம், “கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். எனக்கும் பயமா இருந்துச்சு” என்றாய். என் பயத்துக்கு இன்னொரு சாட்சி இருந்தது என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அப்பா இல்லாத இந்த வீட்டில் அந்த உண்மையைச் சொல்ல உனக்கு எவ்வளவு மனபலம் வேண்டியிருந்திருக்கும். அப்பாவும் அடி வாங்கி வளர்ந்தவர்தான், தெரியும். அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. அதற்கு இன்னும் நாள் வேண்டும், நீயும் சரி என்றாய்.

அக்காவுக்கு என்ன சொல்ல. கூட இருந்தாய், போதும்.

கடைசியாகப் பாட்டிக்கு. பயமே இல்லாமல் யார் முன்னால் பேசியிருக்கிறீர்கள் என்று மேடம் கேட்டபோது யாருமில்லை என்றுதான் முதலில் சொன்னேன். வீடு திரும்பும் வழியில் பாட்டி ஞாபகம் வந்தது. பாட்டிக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. கையில் கிடைத்த கதையையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு ‘ம்’ கொட்டிக் கேட்பாள். நான் நிறுத்தினால், “மேல படி” என்பாள். அடுத்த வாரம் இதைச் சொன்னபோது மேடம் ஹவாயின் கவாய் தீவில் நடந்த ஆய்வைப் பற்றிப் பேசினார். 1955ல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக எழுந்து நின்றார்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோராக இல்லாவிட்டாலும் அக்கறையோடு கூட இருந்த ஒரு பெரியவராவது கிடைத்திருந்தார். எனக்கு அது நீதான் பாட்டி. நீ இருக்கும்போது எனக்கு இது தெரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் வீட்டுக்கு வருகிறீர்கள். இந்த மடலை உங்கள் முன்னால் நானே உரக்கப் படிக்கப்போகிறேன், தலைப்பிலிருந்து. நோட்டில் இடது பக்கம் எழுதிவிட்டேன்: ‘அம்மாவின் பத்தியில் குரல் உடையும். மழலை என்ற சொல்லில் நிற்பேன்.’ வலது பக்கம் காலியாக இருக்கிறது.

நிறைந்த நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்