அறையில் இருக்கும் பொருள் யாருடையது

அன்புள்ள கதிருக்கு,

ஞாயிறு இரவு நீ அனுப்பிய ஒற்றை வரிக் கேள்விக்கு அலைபேசியிலேயே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று பேர் தங்கியிருக்கும் அறையில் ஒருவருடைய போதைப்பொருள் பிடிபட்டால் வழக்கு யார் மீது வரும் என்று கேட்டிருந்தாய். யாருக்காகக் கேட்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனிடம் சட்டம் கேட்டிருக்கிறாய், அதை மட்டும் சொல்கிறேன். தங்கைக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போதைப்பொருள் குற்றங்களுக்கான 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டத்தில், பொருள் யாருடைய காசில் வாங்கப்பட்டது என்பதைவிட அது யாருடைய வசத்தில் இருந்தது, அது இருப்பது அவருக்குத் தெரியுமா என்ற இரண்டும்தான் முக்கியம். அறையின் சாவி மூவரிடமும் இருந்தால் மூவரையும் அழைத்துப் போவார்கள். பொருள் வசத்தில் இருந்ததை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது நிரூபணமான பிறகு, தெரிந்தேதான் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள 35ஆவது பிரிவு வழி செய்கிறது. எனக்குத் தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. மற்ற குற்ற வழக்குகளில் பொதுவாக இந்த அளவுக்குக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்பதில்லை. தெரிந்தே இடம் கொடுத்தவருக்கு 25ஆவது பிரிவும், உடந்தையாக இருந்தவருக்கு 29ஆவது பிரிவும் இருக்கின்றன. இரண்டிலும் தண்டனை அந்தக் குற்றத்துக்கு உரியதேதான். ஆகவே அடுத்தவர் பையை வாங்கி வைக்காதே, அடுத்தவர் பெயருக்கு வரும் பார்சலுக்குக் கையெழுத்துப் போடாதே.

அடுத்தது எடை. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. இதைக் கேள்விப்பட்ட உன் வயதுக்காரர்கள், கொஞ்சம் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது என்று பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். சிறிய அளவுக்கும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. எம்.டி.எம்.ஏ., எல்.எஸ்.டி. போன்ற ரசாயனப் போதைப்பொருள்களுக்கு வந்தால் கணக்கே வேறு: எம்.டி.எம்.ஏ.வுக்குச் சிறிய அளவு அரை கிராம், வணிக அளவு 10 கிராம்; எல்.எஸ்.டி. 0.1 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. தூய பொருளை மட்டும் பிரித்து நிறுக்க மாட்டார்கள். கலந்திருக்கும் மாவையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சிறிய அளவுக்கும் வணிக அளவுக்கும் இடைப்பட்டதென்றால் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். வணிக அளவென்றால் குறைந்தது பத்தாண்டு, அதிகம் போனால் இருபதாண்டு.

தண்டனை என்றைக்கோ வருவது. ஜாமீன்தான் குடும்பங்களை முதலில் உடைக்கிறது. வணிக அளவு வழக்கில், இவர் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்ற இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் 37ஆவது பிரிவின்படி ஜாமீன். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் அவகாசம் உண்டு; சிறப்பு நீதிமன்றம் அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். அதுவரை வேலை காத்திருக்காது. வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டுக்கும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். யாருடைய சிபாரிசும் இல்லாமல் நீயே தேடிக்கொண்ட வேலை அது. உன் சித்தப்பாவிடம்கூட நீ போய் நிற்கவில்லை என்பதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் அம்மாவின் அழைப்பை எடுக்காமல் இருப்பது சரியா என்று நீயே யோசி.

உன் நண்பருக்கென்றே வைத்துக்கொள், சில உரிமைகள் இருக்கின்றன. உடலைச் சோதனையிடுமுன், அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கலாம் என்பதை அவருக்குச் சொல்லியாக வேண்டும். பையைச் சோதிப்பதற்கு இது பொருந்தாது. விசாரணை அதிகாரியிடம் 67ஆவது பிரிவின்கீழ் கொடுக்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள முடியாது என்று தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபரில் தீர்ப்பானது. ஆனாலும் பயத்தில் பையன்கள் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வழக்கறிஞரைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அறையில் பொருள் இருப்பது தெரிந்தால் அதைத் தொடவோ, வேறு இடத்துக்குக் கொண்டுபோக உதவவோ கூடாது. நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பையைத் தூக்கிய நிமிடமே அது தூக்கியவன் வசத்தில் இருக்கும் பொருளாகிவிடுகிறது. அடுத்தவர் பையை வாங்கி வைக்காதே என்று மறுபடியும் சொல்வது இதனால்தான். உடனே வேறு அறை பார்த்துக்கொள், முன்பணத்துக்கு நான் அனுப்புகிறேன்.

பழக்கத்துக்கு ஆளானவராக இருந்தால் இன்னொரு கதவும் உண்டு. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கைச் சந்திப்பவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவின்படி அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். சிகிச்சைக்குப் போகிறவரைப் பற்றி நான் குறைவாக நினைக்கமாட்டேன், அவர் யாராக இருந்தாலும்.

என்னோடு வேலை பார்த்து, பிறகு வழக்கறிஞரானவரின் எண்ணைத் தனியே அனுப்பியிருக்கிறேன். கட்டணத்தைப் பற்றி அவரிடம் நீ பேச வேண்டாம். கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியே சொல்லக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று நானும் அவரை விசாரிக்கமாட்டேன். நாளையே பேசு.

இப்படிக்கு,
அப்பா