என் வலக்கையைத் தூக்கிவிட்டவர்களுக்கு

அன்புடையீர்,

இந்த மடலை என் வலக்கையால் எழுதுகிறேன். போன வருடம் தைப்பொங்கலுக்கு யாராவது இதை ஒரு செய்தியாகச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்காது. இந்தத் தைக்கு அதைவிடப் பெரிய செய்தி என்னிடம் இல்லை.

மாசிக் கடைசியில் வெள்ளாமை வெட்டு முடிந்து, இருட்டுகிற நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே கிரவல் வீதியில் மாடுகள் குறுக்கே வந்தன. திருப்பினேன், சறுக்கியது, விழுந்தேன். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மடங்கக் கூடாத இடத்தில் என் கை மடங்கிக் கிடந்தது. கூடியவர்களில் ஒருவர் கையை இழுத்து நேராக்கச் சொன்னார். பின்னால் நெல்மூட்டைகளோடு வந்த உழவு இயந்திரச் சாரதிதான் குறுக்கே நின்றார். "யாரும் தொடாதீர்கள், கிடக்கிறபடியே கட்டுவோம்" என்று அதட்டிவிட்டு, தன் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையால் என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். ஒரு வானை மறித்து என்னை ஏற்றினார். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படுவதற்கு முந்திய காலமாக இருந்திருந்தால், அந்த நேரத்தில் துறையில், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்திருப்பேன். அன்றைக்கு ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று வான் நிற்காமல் ஓடி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் என்னை இறக்கியது.

அடுத்த நன்றி, அன்றிரவு கடமையில் இருந்த இளம் வைத்தியருக்கு. அவருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். நான் வலியில் கத்திக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே அவர், "ஐயா, வீதியில் வாகனத்தை மறிக்கும் பொலிஸ்காரரைப் போல உள்ளங்கையை எனக்குக் காட்டுங்கள்" என்றார். முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பலமுறை கேட்டார். மணிக்கட்டு எழும்பவில்லை. பெருவிரலை மேலே நீட்டச் சொன்னார். அதுவும் முடியவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், கையின் மேற்புறத்தில் பஞ்சால் தடவினார். எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துவைத்துவிட்டுத்தான் பிளாஸ்டர் போட அனுப்பினார். அந்தக் குறிப்பின் பெறுமதி எனக்குப் பிறகுதான் விளங்கியது. எலும்பைப் பொருத்துவதற்கு முன்பே கை விழுந்திருந்ததா, பொருத்திய பிறகு விழுந்ததா என்பதை வைத்தே அடுத்து என்ன செய்வது என்று நிபுணர்கள் யோசிப்பார்களாம். பொருத்தும்போது எலும்புத் துண்டுகளுக்கிடையில் நரம்பு அகப்பட்டிருக்குமோ என்ற கேள்வி அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை அன்றைக்குக் குறித்துவைக்காமல் விட்டிருந்தால், பிறகு யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

நான் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவன். என் தகப்பனிடம் பழகிய கை இது. மத்தளத்தில் கை விழுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அடி பிறப்பது கை எழும்புவதில். எழும்பாத கை தோலில் கிடந்து ஓசையை அமுக்கிவிடும். ஆகையால், தொங்கிய மணிக்கட்டைப் பார்த்தபோது எலும்பு முறிந்த கவலை எனக்குப் பின்னால் போய்விட்டது. வாட்டில் பார்க்க வந்தவர்கள் 'பாரிசவாதம்' என்று வெளியில் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. இரண்டு இரவுகள் நான் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வந்தார். நான் வாய்திறந்து கேட்காமலேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஒரு தாளில் கையை வரைந்தார். கழுத்தின் கீழ்ப்பகுதியிலிருந்தும் மார்பின் முதல் முள்ளெலும்பை ஒட்டியும் புறப்படும் நரம்பு வேர்கள் அக்குளில் பின்னிப் பிரிகின்றன. அவற்றில் ஒன்று ஆரை நரம்பு. அது மேற்கை எலும்பின் பின்புறமாக, மரத்தில் கொடி சுற்றுவதுபோல எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு முழங்கைக்கு இறங்குகிறது. என் எலும்பு முறிந்தது அந்தச் சுற்றில்தான். மேற்கை எலும்பு நடுவில் முறிபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நரம்பும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது என்றார். "பாரிசவாதம் என்றால் முகமும் காலும் பேச்சும் இப்படிச் சுகமாக இருக்குமா? விரல்களை மடக்குகிறீர்கள்தானே? மடக்குவது வேறு நரம்புகளின் வேலை. நிமிர்த்துவது மட்டும்தான் நின்றிருக்கிறது" என்றார். முழங்கையை நீட்டுவதில் எனக்குக் குறையில்லாததற்கும் காரணம் சொன்னார். அந்தத் தசைக்குப் போகும் கிளைகள், நரம்பு எலும்பைச் சுற்றத் தொடங்குவதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றனவாம். அந்தத் தாள் இன்னமும் என் வீட்டுச் சாமியறையில் இருக்கிறது.

ஒரு பொய்யான மகிழ்ச்சியையும் அவர் அன்பாகத் தடுத்தார். ஒருநாள் கையை மேசையில் வைத்திருந்தபோது என் விரல்களின் நுனி மூட்டுகள் நிமிர்ந்தன. நரம்பு திரும்பிவிட்டது என்று மனைவியைக் கூவி அழைத்தேன். "அது உள்ளங்கையின் சிறு தசைகள் செய்வது, முதல் நாளிலிருந்தே உங்களால் முடிந்திருக்கும். விரல்கள் அடிமூட்டில் எழும்பட்டும், அப்போது நானே உங்களுக்குச் சொல்வேன்" என்றார். வலித்தது. ஆனால், பொய் நம்பிக்கை தராத ஒருவரின் நம்பிக்கை வார்த்தைக்குத்தான் பிறகு எனக்குத் தைரியம் வந்தது.

தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒரு கைத்தாங்கி செய்து தந்தார். மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தகடும், விரல்களைத் தூக்கி நிறுத்த ரப்பர் பட்டிகளும் அதில் இருந்தன. அது எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் ஒன்று செய்யச் சொல்வேன்: மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு முட்டியை இறுக்கிப் பாருங்கள். பலம் வராது. விரல்களை மடக்கும் நரம்புகள் நன்றாக இருந்தும் என்னால் ஒரு செம்பைத் தூக்க முடியாமல் போனது அதனால்தான். தாங்கி போட்ட அன்றைக்கே செம்பைத் தூக்கினேன். அதன் பட்டி தேய்ந்தபோது காத்தான்குடித் தையல்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் அழைக்கும் முறையில் காக்கா, மூன்று முறை புதுப் பட்டி தைத்துத் தந்தார். காசை நீட்டினால், "கை நேராகட்டும், கூத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள்" என்பார். காக்கா, கட்டாயம் கூப்பிடுவேன்.

எங்கள் ஊர் முறிவு வைத்தியரை இங்கே மனதாரச் சொல்ல வேண்டும். உறவினர்கள் என்னை அவரிடம் கூட்டிப்போய், எண்ணெய் போட்டு நன்றாக இழுத்துவிடச் சொன்னார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். கையைத் தொட்டுப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். "மகன், இது நரம்பு. இதில் என் பலத்தைக் காட்டினால் நான் உனக்குக் கெடுதி செய்தவன் ஆவேன். பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கை விடாதே" என்று சொல்லி, வெற்றிலை மடித்துக் கொடுத்து அனுப்பினார். தன் கைக்கு எட்டாததை எட்டாது என்று சொல்பவரே பெரிய வைத்தியர்.

எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் மறைக்காமல் பேசினார். முறிவோடு வரும் இந்தப் பாதிப்பு பெரும்பாலானோருக்குக் கத்தி படாமலே திரும்பிவிடும் என்றார். நசுங்கிய நரம்பு சில கிழமைகளில் விழித்துக்கொள்ளும். உள்ளிழை அறுந்திருந்தால், உறை முழுதாக இருக்கும் வரையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் மீண்டும் வளரும். முழுவதும் துண்டாகியிருந்தால்தான் திறந்து தைக்க வேண்டும். அதுவும் பலன் தராவிட்டால், நன்றாக இருக்கும் வேறு தசைநார்களில் சிலவற்றை மாற்றித் தைத்து மணிக்கட்டை நிமிர்த்தும் வழியும் இருக்கிறது. நரம்புக் கடத்தல் பரிசோதனையை முதற்கிழமையிலேயே செய்யும்படி நான் கெஞ்சினேன். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதிகூடச் சில நாட்களுக்கு மின்சாரத்தைக் கடத்தும், மூன்று கிழமை கழியாமல் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று பொறுமையாக விளக்கினார். கத்தியோ கண்ணாடியோ வெட்டிய காயத்தில் கை இப்படி விழுந்தால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது ஊரில் யாருக்குக் கை மரத்தாலும் என் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். கதிரைச் சாய்வில் கையைப் போட்டுத் தூங்கி எழும்பி மணிக்கட்டு விழுந்தவரும், கக்கத்தில் ஊன்றுகோல் அழுத்திக் கை தளர்ந்தவரும், இறுக்கமான காப்பால் பெருவிரல் பக்கம் மரத்துப்போன பெண்ணும் வந்தார்கள். எல்லோரையும் கிளினிக்குக்குத்தான் அனுப்புகிறேன்.

என் மனைவிக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது? விறைத்துப் போகாமல் இருக்க ஒரு நாளைக்கு ஐந்து தடவை மணிக்கட்டையும் ஒவ்வொரு விரலையும் நிமிர்த்திவிட வேண்டும். அரிசி கழுவிய ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து செய்தார். ஒருநாளும் விடவில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தது. எலும்பு ஒட்டியிருந்தது, கை அப்படியே இருந்தது. கோயிலில் எல்லோரோடும் சோற்றுக்கு உட்கார்ந்தேன். வலக்கையால் குழைக்க முடியவில்லை. அம்மன் முன்னால் இடக்கையால் உண்ண மனம் வரவில்லை. இலையைப் பார்த்தபடியே இருந்தேன். பக்கத்து வளவுப் பெரியம்மா எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் என் இலையில் சோற்றைக் குழைத்து, உருட்டி, என் வாயில் வைத்தார். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை நான், ஊரே பார்க்க அழுதேன். பெரியம்மா, அந்த ஏழு உருண்டைகளையும் நான் எண்ணிவைத்திருக்கிறேன்.

சடங்கின் நிறைவான குளிர்த்தி முடிந்த பிறகு, பதின்மூன்றாவது கிழமையில், முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத்துத் தசையில் ஒரு துடிப்பு வந்தது. இயன்மருத்துவர் தன் விரலை அதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் ஐயா" என்றார். ஆடியில் மணிக்கட்டு தன் பாரத்தைத் தானே தூக்கியது. விரல்கள் ஆவணியும் புரட்டாதியும் எடுத்தன. நரம்பு மேலிருந்து கீழே வளர்வதால், தூரத்துத் தசைகள் கடைசியில்தான் எழும்பும். பெருவிரல் ஐப்பசி மழை தொடங்கிய பிறகே நிமிர்ந்தது.

அதற்கிடையில் எங்கள் கூத்து ஆடியில் அரங்கேறியது. என் மருமகன் மத்தளம் அடித்தான். நான் கூத்தாடும் களரியின் ஓரத்தில் இருந்து வாயால் தாளக்கட்டுச் சொன்னேன். ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் அவன் என் முகத்தைப் பார்த்த பிறகே கையை வைத்தான். தம்பி, நீ என் இடத்தை எடுக்கவில்லை, காத்துத் தந்தாய். மார்கழியில் என் மத்தளத்தை மீண்டும் மடியில் வைத்தேன். மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலையில் பெருவிரல் இன்னும் சற்றுப் பிந்துகிறது. வேகமான இடங்களில் அவன்தான் அடிக்கிறான், மெதுவான பாட்டுகளுக்கு நான்.

உழவு இயந்திரச் சாரதித் தம்பிக்கு ஒரு செய்தி. அன்றைய குழப்பத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் கேட்காமல் விட்டுவிட்டேன். கொக்கட்டிச்சோலைச் சந்தியில் பலரிடம் விசாரித்தும் கிடைக்கவில்லை. வைத்தியசாலையில் அவிழ்த்த உங்கள் சால்வையை வெளுத்து மடித்து, சாமியறையில், இயன்மருத்துவர் வரைந்த தாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோயில் வீதியில் மத்தளக்காரர் வீடு எது என்று யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள். வந்து ஒரு வேளை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அதை வாங்கிக்கொண்டு போங்கள்.

நன்றியுடன்,
மத்தளக்காரன்,
படுவான்கரை, மட்டக்களப்பு.