மூணாறிலிருந்து மாரிக்கு

அன்புள்ள மாரி,

உன் கடிதம் கிடைத்தது. போடிப் பக்கம் வெயில் தாங்கவில்லை என்கிறாய். இங்கே மழை விட்டபாடில்லை. சின்னவனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. மருமகள் இன்னும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறாள், அதனால் தோட்டக் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீடு கையில் இருக்கிறது.

போன வாரம் எங்கள் வார்டு கிராம சபை. வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது கேரளச் சட்டம். அதுகூடத் தேறவில்லை. வீடு யாருக்கு, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்றெல்லாம் பேச வேண்டிய இடம் அது. 1996இல் மக்கள் திட்டம் வந்தபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்றார்கள். கேட்க ஆள் போகாவிட்டால் அந்தப் பணம் நம் லயத்துப் பக்கம் எப்படி வரும்?

நம் ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தது யார், தோட்டத்துப் பெண்கள் நாம்தானே? 20 சதவீத போனஸை வாங்கிவிட்டுத்தானே எழுந்தோம். யூனியன் தலைவர்களைக் கிட்டே விடவில்லை; அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் கூட உட்கார வைத்தோம். 232 ரூபாய்க் கூலி 301 ஆனதும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். ரேஷன் கார்டு, பென்ஷன் மனு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் முன்பு யூனியன்காரர் வீட்டுக்குத்தான் போவோம். பஞ்சாயத்தில் என்ன நடக்கிறது என்பதும் அவர் வாயால்தான் தெரியும். அந்த நம்பிக்கை போனதும் வேறு வழி நமக்கு இல்லாமல் போயிற்று. அன்று செய்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் போராட்டத்தில் பிறந்த நம் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) அமைப்பின் சார்பில் நின்ற சிலர் அந்த வருடமே உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தார்கள். அப்புறம் அமைப்பு பிளந்தது. போராட்டத்துக்குக் கூடியவர்களை மாதா மாதம் கூட்டிவைக்க யாரும் இல்லை. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்துவிட்டு மலை இறங்க வேண்டியவர்கள்தானே நாம்; இங்கே வேர்விடும் எண்ணம் எப்படி வரும்?

குடும்பஸ்ரீ அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் சேரும் சுய உதவிக் குழு, ஒழுங்காக நடக்கிற லயங்களில் இருந்து மட்டும் பெண்கள் கிராம சபைக்கு வருகிறார்கள். சேமிப்புப் பணம் கட்ட வாரா வாரம் உட்காருகிறவர்கள், ஒருத்தி கிளம்பினால் பத்துப் பேரும் கிளம்புகிறார்கள். எங்கள் வரிசையில் அது நின்றுபோய் நாளாகிறது. மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மறுபடி தொடங்கப் பார்க்கிறார்கள். கணக்கு நோட்டு நான் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறேன்.

காந்தி ஜெயந்திக்கு உன் ஊரிலும் கிராம சபை நடக்குமே, போகிறாயா? உன்னை யாராவது வந்து கூப்பிடுகிறார்களா? அதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
லட்சுமி