கயலுக்கு, சட்டன் ஹூ புதையலைப் பார்க்கப் போகுமுன்

அன்புள்ள கயல்,

பிரிட்டிஷ் மியூசியம் போகப்போவதாக எழுதியிருந்தாய். சட்டன் ஹூ பொருட்கள் 41-ஆம் அறையில் இருக்கின்றன. தங்கத்தைப் பார்க்குமுன், அவை கிடைத்த கப்பலின் ஆணிகளைப் பற்றித் தெரிந்துகொள்.

1939-ல் இங்கிலாந்தின் சஃபோக்கில், சட்டன் ஹூ என்ற இடத்தில், ஈடித் பிரெட்டி அம்மையாரின் நிலத்திலிருந்த மண்மேட்டைத் தோண்டியவர் பேசில் பிரவுன். உள்ளே 27 மீட்டர் நீளக் கப்பல், இறந்த ஒருவரைப் பொருட்களோடு நடுவில் ஓர் அறையில் வைத்து 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைத்தது. அங்குள்ள மணலில் அமிலத்தன்மை அதிகம். பலகையெல்லாம் கரைந்துபோயிற்று, உடலும் மிஞ்சவில்லை. எஞ்சியவை இரும்பு ஆணிகளும், பலகை இருந்த இடத்தில் நிறம் மாறிய மணலும்தான். ஒரு ஆணியைப் பிடுங்கினாலும் பலகையின் கோடு அங்கே அறுந்துவிடும். அந்த மணல் தோலைச் சுரண்டிவிட்டால் திரும்பப் பார்க்க எதுவும் இருக்காது. பிரவுன் ஆணிகளை இருந்த இடத்திலேயே விட்டு, ஒரு முனையில் தொடங்கி, கப்பலின் உட்புறமாகவே நடுப்பகுதியை நோக்கி மண்ணை எடுத்துக்கொண்டு போனார். மணலில் துருச் சிவப்பு தெரிந்தால் அடியில் ஆணி என்று அர்த்தம். அங்கே மண்வெட்டியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுக்கவேண்டும். இந்தப் பொறுமைதான் எனக்குத் தங்கத்தைவிடப் பெரிது.

திருடர்களும் முன்பே தோண்டியிருக்கிறார்கள். மேட்டின் ஒரு பக்கம் இடைக்காலத்திலேயே வெட்டுப்பட்டதால் நடு எது என்று தப்பாகக் கணித்து, அறையைத் தவறவிட்டார்கள்.

அறையின் கூரை சரிந்ததில் தலைக்கவசம் 500-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. 1940-களில் ஒட்டிய வடிவம் சரியில்லை, கழுத்தும் தாடையும் போதுமான அளவு மறையவில்லை. மியூசியத்தின் பாதுகாப்பு வல்லுநர் நைஜல் வில்லியம்ஸ் அதைப் பிரித்து, 1971-ல் மறுபடி சேர்த்து முடித்தார். புருவங்களை உற்றுப் பார்: சிவப்புக் கார்னெட் கற்களுக்கு அடியில் ஒளியைத் திருப்பித் தரும் தங்கத் தகடு ஒரு புருவத்தில் மட்டுமே இருக்கிறது. தீ வெளிச்சத்தில் ஒரு கண் மங்கித் தெரிந்திருக்கும். ஒற்றைக்கண் தெய்வமான ஓடினை நினைத்துச் செய்தது என்று சில ஆய்வாளர்கள் சொல்வதை என்னால் நம்ப முடிகிறது.

இடுப்புவார்ப் பக்கிள் 413 கிராம், ஐம்பது பவுனுக்கு மேல்! பக்கத்திலேயே பணப்பையின் மூடியும் 37 பொற்காசுகளும் இருக்கும். எல்லாம் பிராங்கியர் நாட்டுக் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) காசுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு அக்கசாலையில் அடித்தவை. அடக்கம் நடந்த காலத்தைக் கணிக்க இவைதான் உதவின. கூடவே அச்சில்லாத 3 வில்லைகளும் 2 சிறு கட்டிகளும் கிடைத்தன. வில்லைகளையும் சேர்த்து 40 துடுப்புக்காரர்களின் கூலி என்பார்கள். அழகான ஊகம், ஆதாரம் கிடையாது. புதைக்கப்பட்டவர் அந்தப் பகுதியை ஆண்ட அரசர் ரெட்வால்ட் என்று பலர் கருதினாலும் அவர் பெயர் எந்தப் பொருளிலும் இல்லை.

நேரமிருந்தால் சட்டன் ஹூவுக்கே போ. மெல்டன் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

அன்புடன்,
அப்பா